எலிசம்மாவின் முறை

வாசலைத் தாண்டி முதல் மொசைக் கல்லில் ஒரு சேற்றுக் கால்தடம் இருந்தது. ஒன்றே ஒன்று. இடது கால்.

தியோடர் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். அன்று கல்லறைத் திருநாள். மனைவி எலிசம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனவர், மழையில் குழிமண் ஒரு முழம் உள்வாங்கிக் கிடப்பதைப் பார்த்ததும் ஏற்றாமலே லிங்கராஜபுரம் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டார். மழைக்கு மண் இறங்கும், அதிலென்ன. ஆனால் இந்தத் தடத்தில் கட்டைவிரல் இல்லை. சர்க்கரை வியாதியில் எலிசம்மாவுக்கு எடுத்தது இடது கட்டைவிரலைத்தான்.

ஹாலில் மகள் மௌரீன் பாயில் உட்கார்ந்து, கூட வேலை செய்யும் ரக்ஷிதா கொடுத்த ஜப்பான் வீடியோ கேமை ஆடிக்கொண்டிருந்தாள். டிவி முழுக்கக் கட்டங்கள். கட்டங்களில் பொம்மைச் சிப்பாய்கள். புள்ளி மூக்கு, உப்பிய கன்னம், முகத்தில் பாதிக்குக் கண், அந்தக் கண்ணில் எந்நேரமும் தளும்பும் தண்ணீர். கண் திறக்காத எலிக்குஞ்சைப் பார்த்ததுபோல அவருக்குக் குமட்டும்.

"இன்னா கண்றாவிடி இது. கல்லறைக்கு வாடின்னா மழைன்றே."

"நம்ம வீட்டாளுங்க பேருதான் எல்லாத்துக்கும் வெச்சிருக்கேன் டாடி. மொட்டைத் தலையா கோடாலியோட நிக்குதே, அது நீங்க."

"அம்மா?"

"முந்தாநாள் சண்டையில செத்துட்டாங்க. அப்புறம் கேம் ஜப்பான் பாஷையில என்னமோ கேட்டுச்சு. எனக்கென்ன படிக்கவா தெரியும்? எப்பவும்போல மேல இருக்கறதை அமுக்கினேன். திரும்பி வந்துட்டாங்க. ஆனா எதிரி கட்சியில."

திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொம்மை நின்றது.

"நாம ஒருவாட்டி நகரணும், அப்புறம் அவங்க நகருவாங்க. அம்மா வேற யாரையும் தொடறதில்ல. நேரா உங்ககிட்டயே வராங்க. அவ்ளோ ஆசை." சிரித்தபடி பட்டனை அமுக்கினாள்.

சிவப்புப் பொம்மை ஒரு கட்டம் நகர்ந்தது. அவருக்குப் பின்னால் சப்பென்று ஒரு சத்தம். திரும்பினார். இரண்டாவது கல்லிலும் தடம்.

நாற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது. டெட்டால், மஞ்சள்தூள், அதற்கு அடியில் நொதித்த சோறுபோலக் கனத்து இனிக்கும் சீழ். மூன்று மாதம் அந்தக் காலுக்குக் கட்டு மாற்றியபோதெல்லாம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டவர் அவர். சீக்கிரம் போய்த் தொலைடி என்று ஒருநாள் சொன்னார். அவள் தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் கண் திறந்திருந்தது.

"நாத்தம் வரல உனக்கு?"

"சாக்கடை அடைச்சிருக்கும் டாடி."

திரையில் மொட்டைப் பொம்மைக்கும் சிவப்புக்கும் நடுவே நான்கு கட்டம். தரையில் எண்ணினார். நான்கு கல்.

"நிறுத்துடி அதை."

"என் ஆட்டம் முடிஞ்சுது. இப்போ அவங்க டர்ன்."

எந்த மெஷினையும் அவர் நம்பியதில்லை. பூட்டிக்கொண்டு வெளியூர் போனால் ஃபேன் பிளக்கைக்கூடப் பிடுங்கி வைப்பவர். சுவரோரம் போய்க் குனிந்தார்.

"இப்ப புடுங்காதீங்க டாடி. அம்மா டர்ன் முடியட்டும்."

பிடுங்கினார்.

திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. மழைச் சத்தம் மட்டும். அப்பாடா என்றிருந்தது.

சப்.

மௌரீன் எதையும் அமுக்கவில்லை. பட்டனை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

சப்.

சப்.

ஒரு கட்டத்தோடு அவளை நிறுத்த இனி ஆட்டம் இல்லை. முறை முடியவில்லை.

சப்.

அணைந்த டிவிக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். அவர் தோளுக்கு மேலே இன்னொரு முகம். மண் ஒட்டிய முடி. புள்ளி மூக்கு. அழுகித் தொங்கும் கன்னத்துக்கு மேல், முகத்தில் பாதிக்குக் கண்கள். இமைக்காமல். தளும்பிக்கொண்டு.

ஒரு சொட்டு அவர் பிடரியில் விழுந்தது. கொழகொழவென்று. இளஞ்சூடாக.

பழக்கத்தில் அவர் கை துண்டை எடுத்து மூக்கைப் பொத்தியது.

அந்தக் கண்கள் அதைப் பார்த்தன.