காற்றுக்கு எதிரே

ஹம்மார் சதுப்பில் பொழுது விடிந்துகொண்டிருந்தது. ஜாசிப் கழியை ஊன்றிப் படகைத் தள்ளினான். முன்னால் அவன் அண்ணி ஹஸ்னா, மடி நிறையப் பொய்வாத்துகளோடு உட்கார்ந்திருந்தாள். கோரையைச் சுருட்டி, தார் பூசி, இறகு செருகி அவள் புருஷன் மிஸ்பான் செய்தவை, மொத்தம் பதினொன்று. வேட்டை நாளில் இவற்றை மிதக்கவிட்டால் நிஜ வாத்துகள் ஏமாந்து பக்கத்தில் வந்து இறங்கும்.

மிஸ்பான் காணாமல் போய் எட்டு நாள். வாத்துகளை மிதக்கவிட இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவனைப் பனிமூட்டத்தில் தொலைத்துவிட்டதாகத் தம்பி ஜாசிப்தான் வந்து சொன்னான். அன்றிலிருந்து ஹஸ்னா ஒரு வாய் ரொட்டி தொடவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் உடலை மண்ணில் வைக்க வேண்டும்.

"இங்கதானே?"

"இங்கதான் அண்ணி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஊரே தேடியாச்சு. நீ காட்டுன இடத்துல ஒரு செருப்புகூடக் கெடைக்கல."

அவன் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினான். அவள் கத்தியை எடுத்து, வாத்துகளின் கயிற்றில் கட்டியிருந்த செங்கல் துண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். தண்ணீரில் செத்தவனின் வாத்துகளை எடையில்லாமல் விட்டால், அவன் கிடக்கும் இடத்தில் போய் நிற்கும் என்பார்கள். வேறு வழியெல்லாம் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

வடக்கிலிருந்து காற்று வீசியது. வாத்துகள் தெற்கே மிதந்தன.

பிறகு நின்றன.

பிறகு, காற்றை எதிர்த்து, படகைத் தாண்டி வடக்கே போக ஆரம்பித்தன.

ஜாசிப் படகைத் திருப்பி அவற்றின் பின்னால் தள்ளினான். நாணல் இடுக்குக்குள் போய் அவை வட்டமாக நின்றன. அந்த இடம் அவனுக்குத் தெரியும்.

"இங்கயா விட்டே?" என்றாள் மெல்ல.

அவன் உடைந்துபோனான். "படகு ஓட்டையாயிடுச்சு அண்ணி. ரெண்டு பேரைத் தாங்காது. நான் ஒரு குரல் குடுத்திருந்தா, அதைப் புடிச்சு நீந்தி வந்திருப்பான்... அவன் கூப்பிடக் கூப்பிட நான் வாயைத் திறக்கல."

"உன் பேரைச் சொல்லியா கூப்பிட்டாரு?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"வெயில் ஏறுற வரைக்கும்."

அவள் படகு ஓரத்தில் குனிந்தாள். தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். துணி தட்டுப்பட்டது.

மதியம் அடக்கம் முடிந்தது. ஹஸ்னா வாத்துகள் பதினொன்றையும் அடுப்பில் போட்டு எரித்தாள். சாம்பலாகும்வரை ஜாசிப் அங்கேயே நின்று பார்த்தான்.

மறுநாள் காலையில் பனி இறங்கியிருந்தது. ஜாசிப் தன் குடிசை வாசலில், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எங்கிருந்தோ தார் கருகும் வாடை வந்தது.

"ஜாசிப்..."

தொண்டை கட்டிய, நீர் குடித்த குரல். அண்ணனுடையது.

"ஜாசிப்..."

அன்று செய்யாததை இன்றாவது செய்துவிட்டால் அண்ணன் அடங்கிவிடுவான் என்று நினைத்தான் பாவி. எழுந்து நின்று நெஞ்சு வெடிக்கக் கத்தினான். "இருக்கேண்ணே! இங்க இருக்கேன்!"

கூப்பிடுவது நின்றது.

பனி லேசாக விலகியது. கருகிய வாத்துகள் பதினொன்றும், காற்றை எதிர்த்து, ஜாசிப் குரல் கொடுத்த திசைக்கு வந்துகொண்டிருந்தன.