கப்பலைத் தனியாக இழுத்தவள்

ஏஜியன் கடலில் எங்கள் ஊரைத் தெரியாத மீன் கிடையாது. எங்கள் போர்க்கப்பல்கள் அவ்வளவு வேகம். ஒருமுறை ஒரு கப்பல் கிளம்பிய வேகத்தில் தன் நிழலைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. பாவம், நிழல் மறுநாள் நீந்திப் போய்ச் சேர்ந்துகொண்டது.

அந்த வேகமெல்லாம் ஆர்கியாஸ் தளபதியாக இருந்த காலத்தில்.

எங்கள் ஊரில் கடற்படைத் தளபதியை ஆண்டுக்கு ஒருமுறை மன்றத்தில் கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். போர் நெருங்கிய ஓர் ஆண்டு ஆர்கியாஸ் எழுந்தார். கப்பல் மரமெல்லாம் தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருக்கிறது, கரையில் ஏற்றி நன்றாகக் காயவைத்த பிறகுதான் போருக்குப் போக வேண்டும் என்றார்.

உடனே திராசன் எழுந்தான். வாட்டசாட்டமான ஆள், கணீரென்ற குரல்.

“இவருக்குக் கப்பல் எதுக்கு? துணி காயப்போட ஒரு கொடி கட்டிக் குடுங்க, போதும்.”

மன்றமே சிரித்தது. சிரித்த வாயோடு எல்லோரும் திராசனுக்கு வலது கையைத் தூக்கினார்கள். துடுப்புக்காரர் பிலோனும் தூக்கினார். அவருடைய மகள்தான் கிளியோ.

புதிய தளபதியோடு கப்பல்கள் புறப்பட்டன. வழியில் ஓர் ஆமை அவற்றை முந்திப்போய், மறுபடி திரும்பி வந்து, நலம் விசாரித்துவிட்டுப் போயிற்று.

எதிரிக் கப்பல்கள் நலம் விசாரிக்கவில்லை. நேராக வந்து இடித்தன.

எங்கள் கப்பல்களில் இரண்டு திரும்பி வரவில்லை. திராசன் ஏறிய கப்பலும் அவற்றில் ஒன்று. இந்த இடத்தில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை.

அதன் பிறகு ஊரில் ஒரு விநோத நோய் பரவியது. திராசனுக்குத் தூக்கிய ஒவ்வொரு வலது கையும் தோளில் போர்த்திய போர்வைக்குள் போய் ஒளிந்துகொண்டது. இடது கையால் ஆலிவ் தின்றார்கள். இடது கையால் பால் கறந்தார்கள். ஆடுகள் மிகவும் சங்கடப்பட்டன.

எதிரி மறுபடி வருவான் என்று எல்லோருக்கும் தெரியும். மிச்சக் கப்பல்களோ இன்னும் தண்ணீரில்தான் ஊறிக்கொண்டிருந்தன. அடுத்த முறை தன் அப்பாவின் கப்பலும் திரும்பாமல் போய்விட்டால்? கிளியோவுக்கு ரொட்டி இறங்கவில்லை.

“ஆர்கியாஸ் ஐயாவக் கூப்பிடலாமேப்பா?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கூப்பிடறது, புள்ள?” என்றார் பிலோன். இடது கையால் ரொட்டியைப் பிய்க்க அவர் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.

ஆர்கியாஸும் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தபடி, கடலைப் பார்த்த ஜன்னலருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, கிளியோ தன் அப்பாவின் கப்பலைக் கரையேற்றக் கயிறு கட்டினாள். இழுத்தாள். நூற்றெழுபது பேர் துடுப்புப் போடும் கப்பல் அது. அவள் இழுப்பது அதற்குத் தெரியவே இல்லை. கிளியோ மணலில் விழுந்தாள். எழுந்தாள். மறுபடி இழுத்தாள்.

ஜன்னல் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. கடைசியில் கிழவர் ஆர்கியாஸ் தடதடவென்று இறங்கி வந்தார்.

“ஏ புள்ள, அது மூக்கு. மூக்குல கயிறு போட அது என்ன காளைமாடா? வால்தான் முதல்ல கரையேறணும். துடுப்புக்காரன் மவளுக்கு இதுகூடவா தெரியாது?”

“தெரியும் ஐயா,” என்றாள் கிளியோ. “சரியாக் கட்டியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்களே.”

ஆர்கியாஸ் அவளையே பார்த்தார். பிறகு, திரும்பி வராத இரண்டு கப்பல்களும் கரையேறும் இடங்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்து, கயிற்றை வால்பக்கம் கட்டி, அவளுக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேர் இழுப்பதும் கப்பலுக்குத் தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்தது. முதலில் பிலோன் ஓடி வந்தார். அவர் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கயிறு பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. ஒவ்வொரு வலது கையாகப் போர்வையைவிட்டு வெளியே வந்தது.

“அந்த ரெண்டு இடத்துல மட்டும் எதையும் ஏத்தாதீங்க,” என்றார் ஆர்கியாஸ்.

மாலைக்குள் எல்லாக் கப்பல்களும் கரையேறி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் அந்த இரண்டு இடங்கள் அப்படியே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் பிலோன் வலது கையால் ரொட்டியைப் பிய்த்தார். முதல் துண்டைக் கிளியோவிடம் கொடுத்தார்.