நடுவர் தலைமையில்

நடுவர் அன்று காலையில் தன் இடது கையைக் கழற்றி, மூட்டுக்கு எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு ஒரு காதுகுத்து விழாவுக்குப் புறப்பட்டார். செவ்வாய்க் கோளின் புது உடன்குடி வட்டத்தில் இது தினமும் நடப்பதுதான். ஓர் இயந்திரத்துக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்பீர்கள். மரியாதை நாற்காலிக்கு. அதில் உட்காருவது சதையா இரும்பா என்று நம் ஆட்கள் என்றைக்குப் பார்த்தார்கள்?

அந்த வட்டத்துக்கு முன்பெல்லாம் மனித நடுவர்கள்தான் வந்தார்கள். ஒருவர் மாமனார் ஊர்க்காரர்களுக்கு வளைந்து கொடுத்தார். இன்னொருவர் வளைய வேண்டிய அவசியமே இல்லாமல் வரும்போதே வளைந்திருந்தார். வெறுத்துப்போன தலைநகர மன்றம், சொந்தமோ பந்தமோ வயிறோ இல்லாத ஓர் இயந்திரத்தை நடுவராக நியமித்தது. அதிகாரத்தைக் கொஞ்சநஞ்சமாகக் கொடுக்கவில்லை. பிடிக்கலாம், விடலாம், சீல் வைக்கலாம். தன் கண்முன் குற்றம் நடந்தால் மனுவே இல்லாமல் அந்த இடத்திலேயே கைது செய்யலாம். அவருடைய வலது உள்ளங்கைக்கு 'ஆணைக்கை' என்று பெயர். வட்டத்தில் எந்தக் கதவின்மீது அதை வைத்தாலும், யார் பூட்டியிருந்தாலும் திறந்துகொள்ளும். தூரத்தில் இருந்தபடி திறக்க முடியாது. முன்பு அப்படி ஒரு வசதி இருந்து, திருடர்கள் அதைப் போலியாகச் செய்து புகுந்து விளையாடிவிட்டார்கள். அதனால் நடுவர் நேரில் வந்துதான் கை வைக்க வேண்டும்.

எல்லாம் சரி. நியமன ஆணையை எழுதிய பெரியவர்கள் பழக்கதோஷத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள்: நடுவர் பொதுமக்களின் அழைப்பை மதித்து நடக்க வேண்டும். மனிதனாக இருந்தால் தலைவலி என்று சொல்லித் தப்பித்திருப்பான். இயந்திரம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நேரம் குறித்த வேலை முதலில், நேரம் குறிக்காத வேலை பிறகு என்பது அதன் கணக்கு. அழைப்பிதழில் நேரம் இருக்கிறது. மனுவில் இல்லை. காதுகுத்து, வளைகாப்பு, காளான் பண்ணைத் திறப்பு, பூப்பந்துப் போட்டி என்று நடுவர் ஓடிக்கொண்டே இருந்தார். நீதிமன்றத்தில் அவர் நாற்காலி புத்தம் புதிதாக இருந்தது.

அந்த நாற்காலியைப் பார்த்தபடிதான் பிரம்மசக்தி தினமும் உட்கார்ந்திருந்தாள். பாசித் தொட்டியில் வேலை பார்ப்பவள். மூன்றாம் குகைத்தெருவில் வீடு. செவ்வாயில் தெரு என்றால் தரைக்கு அடியில் குடைந்த நீளமான சுரங்கம். அதில் எங்காவது காற்று கசிந்தால், மற்ற தெருக்களைக் காப்பாற்ற முன்கதவு தானாக விழுந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் இரண்டாம் கதவு வழியாகப் பக்கத்துச் சுரங்கத்துக்கு ஓட வேண்டும். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் சுயம்புலிங்கத்தின் கல்யாண மண்டபம். அண்டா குண்டா வைக்க இடம் போதவில்லை என்று அவர் கதவைப் பூட்டி, அதை ஒட்டிப் பாத்திரங்களை அடுக்கிவிட்டார்.

போன மாதம் ஒரு சின்னக் கசிவு. முன்கதவு விழுந்தது. தெருவே இரண்டாம் கதவில் போய் முட்டியது. பழுது பார்ப்பவர்கள் ஓட்டையை அடைப்பதற்குள் பிரம்மசக்தியின் மகள் பவளக்கொடிக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த நீல உதடு தாயின் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் கதவு திறக்க வேண்டும், அதை அடைத்தவன் உள்ளே போக வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

நீதிமன்ற எழுத்தர் அந்தோணி மிக்கேல் மனுவை வாங்கி வைத்தார். நல்ல மனிதர். தினமும் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார், நீதி வாங்கிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மனுவிலேயே நேரம் போட்டுத் தருகிறேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். விசாரணை நேரத்தை நடுவர்தான் குறிக்க வேண்டும், அதைக் குறிக்க அவருக்கு நேரமில்லை என்றார் மிக்கேல். அவள் விடவில்லை. நடுவர் போகும் விழாக்களுக்கே போய் வாசலில் மறித்தாள். அவர் நின்று, தலை தாழ்த்தி, மனுவை நீதிமன்றத்தில் கொடுக்கும்படி பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் மிக்கேல் மனம் பொறுக்காமல், "ஏம்மா, மனு குடுத்தா வரமாட்டாரு. பத்திரிகை குடுத்தா வராம இருக்கமாட்டாரு. நான் வேற என்னத்தச் சொல்ல?" என்றார்.

பிரம்மசக்தி நேராக அச்சகத்துக்குப் போனாள். மூன்றாம் குகைத்தெரு இரண்டாம் கதவுத் திறப்பு விழா. தலைமை, மாண்புமிகு நடுவர். முன்னிலை என்ற இடத்துக்கு வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. யார் பெயரைப் போட்டால் காரியம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். போடத்தான் வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 'கொடைவள்ளல் சுயம்புலிங்கம் அவர்கள்' என்று எழுதிக் கொடுத்தாள்.

அழைப்பிதழைப் பார்த்த சுயம்புலிங்கம் அதை மண்டபத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டினார். விழாவுக்கு முந்தின நாள் அவரே ஆள் வைத்துப் பாத்திரங்களை ஒதுக்கினார், சுண்ணாம்பு அடித்தார், வாழை கட்டினார். குறித்த நேரத்துக்கு நடுவர் வந்தார், ரிப்பன் வெட்டினார், ஆணைக்கையை வைத்தார். கதவு திறந்தது. மக்களுக்காகத் தன் இடத்தையே விட்டுக்கொடுத்ததாகச் சுயம்புலிங்கம் மைக்கில் பேச, நடுவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். பிரம்மசக்திக்கு ரத்தம் கொதித்தது. கதவைப் பார்த்து மனசை ஆற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரமே கதவைப் பூட்டியாகிவிட்டது, அண்டாக்களும் திரும்பி வந்துவிட்டன. அவள் போய்க் கேட்டதற்கு, "விழாதான் நல்லபடியா முடிஞ்சிருச்சேம்மா. இனி தொறந்து கெடந்து என்ன ஆவப்போவுது?" என்றார் சுயம்புலிங்கம். அவர் குரலில் கள்ளமே இல்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். பிரம்மசக்தி மறுபடி அச்சகத்துக்குப் போனாள். இந்த முறை விரல் நிற்கவில்லை. சுயம்புலிங்கம் அவர்களின் கைது விழா. இடம், அடைக்கப்பட்ட இரண்டாம் கதவு. தலைமை, மாண்புமிகு நடுவர். அச்சகக்காரர் ஒருமுறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்தார். எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்று அவள் சொன்னாள்.

மறுநாள் அழைப்பிதழோடு சுயம்புலிங்கம் அவள் வீட்டு வாசலில் நின்றார். அடியாட்களோடுதான் வருவார் என்று நினைத்து அவள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். அவர் தனியாகத்தான் வந்திருந்தார்.

"இந்த மாதிரி விழா நம்ம வட்டத்துல இதுக்கு முன்ன யாருக்காவது எடுத்திருக்காவளா?"

"இல்ல அண்ணாச்சி. உங்களுக்குத்தான் முதல்ல."

அவர் அழைப்பிதழை இன்னொரு முறை படித்தார். உயிர் தப்ப வைத்த கதவை அடைத்தால் மூன்று வருடம் சிறை என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. ஊரெல்லாம் பத்திரிகை போய்விட்டது, வராமல் இருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். எதிர்த் தெரு மண்டபக்காரர் முந்திக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்றும் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

"அப்பம் சாப்பாடு என் செலவு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழாவுக்குக் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. நடுவர் நேரம் தவறாமல் வந்தார். அடைத்துக் கிடந்த கதவைத் தன் கண்ணால் பார்த்தார். அண்டாக்களை அகற்றச் சொல்லி, ஆணைக்கையை வைத்துக் கதவைத் திறந்து, இனி யாரும் மூட முடியாதபடி அதன் பூட்டையே செயலிழக்கச் செய்தார். தெருப்பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடினார்கள். பவளக்கொடி கத்திக்கொண்டு முதலில் ஓடினாள். அவள் உதடு நல்ல சிவப்பாக இருந்தது. பிரம்மசக்தி அப்போதுதான் அழுதாள்.

பிறகு நடுவர் குற்றத்தை வாசித்து விலங்கை எடுத்தார். சுயம்புலிங்கம் பட்டுச் சட்டையின் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். விலங்கு பூட்டியதும் கூட்டம் கைதட்டியது. வாசலில் காவலர் வண்டி காத்திருந்தது. அவர் நகரவில்லை. போட்டோக்காரரிடம் படத்தை வாங்கிப் பார்த்து முகம் சுருங்கினார். நடுவரிடம் திரும்பி, பூட்டிய கைகளை மறுபடி நீட்டினார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீய. இதக் கழட்டிட்டு இன்னொரு தடவ மாட்டுங்க. நான் கண்ண மூடிட்டேன்."