பதினொன்றாவது படி

பத்து வரை எண்ணிய அம்மா அன்றைக்கு நிறுத்தவில்லை. "பதினொண்ணு" என்றாள்.

எப்போதும் பத்துப் படிதான். கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் இறங்குகிற படிக்கட்டில் ஒரு படி கூடிவிட்டால் குடியா முழுகிவிடும் என்று சின்னவன் அதிலும் இறங்கிவிட்டான்.

வாரத்தில் மூன்று மதியம், நாலு நாலு மணி நேரம், இந்த டயாலிசிஸ் நாற்காலி. ஊசி ஏறி, குழாயில் தன் ரத்தமே ஓடுவதைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? இதே வியாதிதான் போன வருஷம் அண்ணனைக் கொண்டுபோனது. "இதுக்கு எதுக்கு மாத்திரை?" என்று மூத்த நர்ஸ்தான் இந்த வழியைக் கற்றுக்கொடுத்தார். மூச்சை இழுத்து மெதுவாக விட வேண்டும். ஒவ்வொரு படியாக இறங்கி, பிடித்த இடம் ஒன்றில் போய் உட்கார வேண்டும். பழகிய குரல் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. அம்மா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, ஊசி இல்லாத கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள். கடைசியில் தலைகீழாக எண்ணி மேலே அழைத்து வருவாள். இரண்டு மாதத்தில் படபடப்பு பாதியாகிவிட்டது. "கொடுத்துவச்சவன்பா நீ. உனக்கு அம்மா தாலாட்டு, எனக்கு மெஷின் அலாரம்" என்பார் பக்கத்து நாற்காலியின் பஸ் கண்டக்டர்.

கீழே, அண்ணனும் அவனும் சின்ன வயதில் படுத்திருந்த அறை இருக்கும். ஜன்னல் வெயில், துவைத்த போர்வையின் வாசனை, இரண்டு கட்டில். அவன் தன் கட்டிலில் உட்காருவான். அண்ணன் கட்டில் விரிப்புக் கலையாமல் காலியாகக் கிடக்கும்.

இன்று ஜன்னலில் வெயில் இல்லை. போர்வை வாசனை இருந்த இடத்தில் டயாலிசிஸ் அறையின் மருந்து நெடி அடித்தது. அண்ணன் கட்டிலில் யாரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, மூச்சை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார்கள், அம்மா அவனுக்கு எண்ணும் அதே கணக்கில்.

கண்ணைத் திறந்துவிடலாம் என்று நினைத்தான். இமை அசையவில்லை.

"பயப்படாதப்பா," மேலிருந்து அம்மா குரல் வந்தது. "அப்படியே படுத்துக்கோ."

படு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டாம் என்று மனம் கத்தியது. ஆனால் இரண்டு மாதமாக அந்தக் குரலுக்குப் பழகிய உடம்பு தானாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

எதிர்க்கட்டில் முனகியது. வீங்கிய பாதங்கள் தரையில் பட்டன. ஈரமான சத்தம். முழங்கையில் பிளாஸ்திரி. ஊதிய முகம்.

அண்ணன்.

அவன் சின்னவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். நேராகப் படிக்கட்டுக்குப் போனான்.

"பதினொண்ணு," என்றாள் அம்மா. "பத்து. அவசரப்படாதே பெரியவனே. நிதானமா ஏறி வா."

அப்போதுதான் சின்னவனுக்கு உறைத்தது. இரண்டு மாதமும் அவள் அவனுடைய பயத்தைப் போக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பெரியவன் ஏறி வர வழியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவள். அவன் கண்ணை மூடியதே அவளை நம்பித்தான்.

"ஏழு."

எழ முடியவில்லை.

"நாலு."

"நானும் உன் வயித்துல பொறந்தவன்தானேம்மா?"

குரல் அறைக்குள்ளேயே நின்றது.

"ஒண்ணு."

மேலே யாரோ இமையைத் திறந்தார்கள். வெளிச்சம் படிக்கட்டின் உச்சியில் ஒரு கோடாக விழுந்தது.

"என்ன தம்பி, நல்ல தூக்கமா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாண்ணே. ரொம்ப நாள் தூக்கம்." அது சின்னவனின் குரல். அவன் பேசவில்லை.

அம்மா அழுதாள். சந்தோஷ அழுகை. அண்ணன் போனதிலிருந்து அவள் அப்படி அழுது அவன் கேட்டதில்லை.

"அம்மா," என்றது அந்தக் குரல், தணிந்து. "கீழே அவன் கூப்பிடறான்."

"காதுல வாங்காதப்பா. மூச்சை இழு. மெதுவா விடு. கொஞ்ச நாள்ல அடங்கிடும்."

சின்னவனின் தலைக்கு மேல், அவனுடைய நெஞ்சு, சீராக ஏறி இறங்கத் தொடங்கியது.