உபயத்துப் பாப்கார்ன்

"ஏண்டி லோகா... இது என்னாடி?"

மாமியார் பஞ்சாலை குசினி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். செத்த எலியைத் தூக்குவதுபோல, இரண்டு விரலால் ஒரு காலிப் பாக்கெட்டைப் பிடித்திருந்தாள். பாக்கெட்டின் மேல் சிவப்புக் கொண்டையோடு ஒரு கோழி. கோழிச் சுவைத் தூள்!

அடுப்பில், குவாலிச் சட்டிக்குள் சோளம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. மூடியைப் பிடித்திருந்த லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பாக்கெட் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் முடியாது.

"குப்பைய கொட்டலாம்னு எடுத்தேன். அடியில மடிச்சு மறைச்சு வெச்சிருக்கு! கோயில்ல கொடி ஏறுனதுலேருந்து இந்த வீட்டுல முட்டை கூட நொழையல. இன்னிக்கு சாயங்காலம் என் மகன் தீ மிதிக்கப் போறான்... இன்னிக்குப் போயி கவுச்சியா! யாருடி போட்டது?"

மாமியாருக்கு அப்படி ஒரு தொண்டை. செம்பனை ஏற்றிப் போகும் லோரியின் ஹாரன் கூட அதனிடம் தோற்றுவிடும். அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் திறக்கும் சத்தம் கேட்டது.

லாபு தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்றால் சும்மா இல்லை. வேலை, வீடு என்று மம்பாவுக்கும் பகாவுக்கும் போய்விட்ட குடும்பங்கள் எல்லாம் அன்றைக்குக் கார் கட்டிக்கொண்டு வந்து இறங்கும். தீமிதி முடிந்ததும் வந்தவர்களுக்குத் தீனி கொடுப்பது பஞ்சாலை வீட்டு உபயம். முன்பெல்லாம் கச்சாங் கூடா அவித்துத் தாளித்துக் கொடுத்தார்கள். டவுனில் வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கொண்டைக்கடலையைச் சீண்டவே இல்லை. பாதி மாட்டுக்குத்தான் போனது. "நான் வேற ஒண்ணு பண்ணிப் பாக்கவா அத்தை?" என்று லோகேஸ்வரி கேட்டபோது, "சாமி இருக்குற எடத்துல படக்கொட்டாய் தீனியா?" என்று பஞ்சாலை முகத்தைச் சுளித்தாள். அப்புறம் பார்த்தால், கோயில் வாசலில் அந்தப் பாப்கார்ன் மேசைக்குத்தான் வரிசை நீளம்!

அதென்ன கைப்பக்குவமோ! சோளத்தைப் போட்டால் தானாக வெடிக்கிறது, இதில் என்ன வித்தை என்று கேட்பவர்கள் லோகேஸ்வரி செய்வதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எண்ணெய் காய்ந்ததா என்று அறிய முதலில் இரண்டு மூன்று மணிகளை மட்டும் போடுவாள். அவை வெடித்த பிறகுதான் மற்றவை உள்ளே போகும். மூடியை ஓரமாகக் கொஞ்சம் விலக்கி ஆவியை வெளியே விடுவாள். இல்லாவிட்டால் பொரி சவசவத்துப் போகும். உப்பை மிக்சியில் மாவாக அரைத்துத் தூவுவாள், அப்போதுதான் அது ஒட்டும். வெண்ணெயை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள தண்ணீர் பொரியைச் சுருக்கிவிடுமாம். அதனால் உருக்கி நெய்யாக்கித்தான் ஊற்றுவாள். கூலா மெலாக்கா வெல்லப் பாகு கொதித்துக் கெட்டியாகும் நேரம் பார்த்து ஒரு சிட்டிகை சோடா மாவு. பாகு நுரைத்துப் பொங்கும். அந்தச் சூட்டிலேயே பொரியைக் கொட்டிப் புரட்டினால் ஒவ்வொன்றும் பளபளவென்று சட்டை போட்டுக்கொள்ளும். இன்னொரு வகைக்குக் கறிவேப்பிலையை மொறுமொறுவென்று பொரித்து, மிளகாயோடு பொடித்துத் தூவுவாள். சிரம்பானில் படம் பார்த்துக் காசு கொடுத்து வாங்கித் தின்றவர்களே, "இதுக்கு முன்னாடி அது நிக்காது லா!" என்று சப்புக்கொட்டிக்கொண்டு போவார்கள்.

"கேக்குறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

"அத்தை... உபயத்துக்குப் பண்ணினதுல அது இல்ல. எல்லாமே சுத்தமா, தனிக் குவாலியில பண்ணினது..."

சத்தம் கேட்டு லோகேஸ்வரியின் கணவன் சுகுமாறன் வந்தான். குளித்த ஈரத்தோடு, மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் காப்புமாக வந்து நின்றவன், அம்மாவின் கையிலிருந்ததைப் பார்த்ததும் வெளுத்துப் போனான்.

"லோகா... நேத்து தட்டுலேருந்து நான் ஒரு கை அள்ளித் தின்னேனே..."

"நீங்க தின்னது கறிவேப்பிலை போட்டதுங்க. அம்மன் சத்தியமா அதுல ஒண்ணும் இல்ல."

"அப்ப இந்தத் தூளை எதுல போட்டே?"

குவாலியில் சோளம் தீயும் வாசனை வந்தது. கை தவறியே பழகாதவள், ஒரு சட்டிப் பொரியைக் கருகவிட்டு அடுப்பை அணைத்தாள்.

முந்தின நாள் பிற்பகலில், துணி காயப்போடப் போனவள் கண்ட காட்சி அவள் கண்முன் வந்து நின்றது. கொழுந்தன் தேவனின் மனைவி ரோகினி, மம்பாவிலிருந்து திருவிழாவுக்கு வந்தவள், வீட்டின் பின்புறம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் குந்தியிருந்தாள். மடியில் ஒரு கிண்ணம் வெறும் பொரி. அதில் கோழித் தூளைக் கொட்டிக் கொட்டித் தின்றுகொண்டிருந்தாள். கண்களிலிருந்து தாரைதாரையாக நீர்.

"அக்கா... திட்டாதீங்கக்கா... சோறு எறங்கல. எது தின்னாலும் வாந்தி. இது ஒண்ணுதான் உள்ள நிக்குது..."

லோகேஸ்வரிக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. "ரோகி... நீ...?"

"ஆமாக்கா. அவருக்கும் ஒங்களுக்கும் மட்டுந்தான் தெரியும். போன ரெண்டு தடவையும் ஊரெல்லாம் இனிப்புக் குடுத்த பொறவுதான் கலைஞ்சுச்சு. மூணு மாசம் தாண்டட்டும். அது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணுங்கக்கா!"

லோகேஸ்வரி சத்தியம் செய்தாள். அது மட்டுமா? நமுத்துப்போன கிண்ணத்தை வாங்கிக் கொட்டிவிட்டு, சின்னச் சட்டியில் புதிதாகச் சூடாகப் பொரித்து, அவள் கேட்ட தூளைத் தானே தூவிக் கொடுத்தாள். காலிப் பாக்கெட்டை மடித்துக் குப்பையின் அடியில் வைத்ததும் அவள்தான்.

பிள்ளைக்கு ஏங்கும் வலி லோகேஸ்வரிக்குத் தெரியாததல்ல. கல்யாணமான புதிதில் அவளும் ஒரு பிள்ளையைச் சுமந்தாள். ஐந்தாம் மாதம் போய்விட்டது. அதற்கு முந்தின வாரம் அவள் ஆசைப்பட்டு அன்னாசிப் பழம் தின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் நிற்க, "வாய் ருசிக்குத் தின்னே என் பேரப்புள்ளைய முழுங்கிட்டா!" என்று பஞ்சாலை மாரில் அடித்துக்கொண்டாள். பிள்ளை போன துக்கத்தைக் கூட லோகேஸ்வரியால் வாய்விட்டு அழ முடியவில்லை. கொன்றவள் எப்படி அழுவது? அதன் பிறகு அவள் வயிறும் திறக்கவில்லை. தம்பிக்காவது ஒரு குழந்தை வேண்டும் என்று தீ மிதிக்கும்படி சுகுமாறனைக் கேட்டுக்கொண்டவளே அவள்தான்!

இப்போது ரோகினியின் பெயரைச் சொன்னால்? நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால், 'விரத வீட்டில் கவுச்சி தின்றாள், அம்மன் எடுத்துக்கொண்டாள்' என்று காலம் முழுக்கச் சொல்வார்கள். அந்தப் பேச்சை இந்த வீட்டில் ஒருத்தி கேட்டது போதும்.

"நான்தான் அத்தை," என்றாள் லோகேஸ்வரி. "எனக்குத்தான் நாக்கு கேக்கல. தனியா கொஞ்சம் எடுத்து, தூள் போட்டு நான்தான் தின்னேன்."

"அடிப்பாவி!"

பஞ்சாலை தலையில் அடித்துக்கொண்டாள். "புருசன் பட்டினி கெடக்கான்... நீ கோழி நக்குனியா? அன்னிக்கும் வாய் ருசி, இன்னிக்கும் வாய் ருசி! தனக்குத்தான் இல்ல, இன்னொருத்திக்கும் தங்கக் கூடாதுங்குற நெனப்பாடி ஒனக்கு?"

அந்தச் சொல் லோகேஸ்வரியின் நெஞ்சில் போய்ச் செருகியது. பஞ்சாலை மேசையிலிருந்த பெரிய தட்டை அப்படியே தூக்கிப் போய் வாசலில் கவிழ்த்தாள். பாகு பூசிய பொரியெல்லாம் மண்ணில் உருண்டது. மேய்ந்துகொண்டிருந்த கோழிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

"ஒன் கை பட்டது எதுவும் கோயிலுக்குப் போகக்கூடாது. நீயும் அந்தப் பக்கம் தலை காட்டாதே!"

சுகுமாறன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்கூட சேந்து வெரதம் இருந்தவ நீ... நீயா லோகா? என்னால நம்ப முடியல."

"நம்புங்க," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"வீட்டுலயே வெரதம் முறிஞ்ச பொறவு நான் எந்த மொகத்தோட குழியில எறங்குறது?" அவன் கை காப்பு முடிச்சுக்குப் போனது.

"அவுக்காதீங்க மாமா!"

அறைக் கதவு படாரென்று திறந்தது. ரோகினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"ரோகி, வேணாம்மா... உள்ள போ..." லோகேஸ்வரி பதறினாள்.

"போதும்க்கா! எனக்காக எவ்ளோதான் வாங்கிக் கட்டுவீங்க? அத்தை, அது என்னோட பாக்கெட்டு. நான்தான் மம்பாவ்லேருந்து ஒளிச்சு எடுத்தாந்தேன், நான்தான் தின்னேன். அக்கா பல்லுல கூட படல!" அவள் விம்மினாள். "என்னால முடியல அத்தை... என் வயித்துல இருக்குறது கேக்குது... நான் என்னா செய்ய?"

பஞ்சாலையின் கையிலிருந்த வெறும் தட்டு நழுவித் தரையில் விழுந்து சுற்றி அடங்கியது.

"அடி என் தங்கமே..." கிழவி ஓடிப்போய் ரோகினியைத் தாங்கிப் பிடித்தாள். "புள்ளத்தாச்சிக்கு ஏதுடி வெரதம்? எந்தச் சாமிடி ஒன்னைய கோவிச்சுக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பக்கத்து வீட்டுல அடுப்பு மூட்டி நானே கோழிக் கொழம்பு வெச்சுத் தந்திருப்பேனே!"

"சொன்னா தங்காதுன்னு பயம் அத்தை... அக்காகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். அதான் அவங்க வாயே தொறக்கல."

சுகுமாறன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துத் தலைக்கு மேல் கை கூப்பினான். நெருப்பில் கால் வைக்கும் முன்பே வேண்டுதல் பலித்துவிட்டது! கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் மனைவியைத் தேடினான். அவள் அங்கே இல்லை.

லோகேஸ்வரி வாசலில் இருந்தாள். விளக்குமாற்றை எடுத்து, மண்ணில் கிடந்த பொரியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சாலை பின்னாலேயே ஓடி வந்தாள்.

"லோகா... அறிவு கெட்டுப்போயி பேசிட்டேன்டி. இந்த நாக்கு அழுகிப் போகட்டும்..."

"நாக்கெல்லாம் அழுக வேணாம் அத்தை." லோகேஸ்வரி நிமிர்ந்தாள். அவள் கண்களில் ஒரு பொட்டு நீர் இல்லை. "என்னைய சொன்னதுக்கு நான் ஒண்ணும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், குடுப்பீங்களா?"

"என்ன வேணும்னாலும் கேளுடி."

"இந்தப் புள்ள நல்லபடியா பொறக்கும். ஆனா ஒருவேளை... வாயில வரக்கூடாது, ஒருவேளை ஏதாச்சும் ஆச்சுன்னா, அவ எதையோ தின்னதாலதான்னு நீங்க சொல்லக்கூடாது. அவகிட்டயும் சொல்லக்கூடாது, ஊருலயும் சொல்லக்கூடாது. கோவத்துல கூட சொல்லக்கூடாது. அம்மன் மேல சத்தியம் பண்ணுங்க."

இத்தனை வருஷத்தில் அந்த மருமகள் மாமியார் முகத்தைப் பார்த்து இவ்வளவு பேசியதில்லை. குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. தனக்கு நியாயம் கேட்க வேண்டிய நேரத்தில் இன்னொருத்திக்காகக் கை நீட்டி நின்றாள் அவள். அந்தப் பெருந்தன்மையின் முன்னால் பஞ்சாலை கூனிக் குறுகிப் போனாள். யாரைப் பற்றிய பேச்சு இது என்று அவளுக்கா விளங்காது?

நீட்டிய கையில் பஞ்சாலை ஓங்கி அடித்தாள். "சத்தியம்டி."

அடித்த கையை அவள் எடுக்கவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் புள்ளைக்கும் சேத்து சத்தியம். அது ஒன்னால போகல லோகா... அன்னிக்கே நான் ஒன் பக்கத்துல உக்காந்து அழுதிருக்கணும். ஒன்னால போகல தாயி... ஒன்னால போகல..."

லோகேஸ்வரி அவளையே பார்த்தாள். விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்து, பெயர் கூட வைக்காமல் போன தன் பிள்ளைக்காக அவள் அன்றைக்குத்தான் ஓவென்று கதறி அழுதாள். பஞ்சாலையும் அழுதாள். ரோகினி ஓடி வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

கோயில் பக்கமிருந்து உறுமி மேளம் கேட்கத் தொடங்கியது. கரகம் எடுக்க ஆற்றங்கரைக்குப் போக வேண்டிய நேரம். சுகுமாறன் காப்பை இறுக்கி முடிந்துகொண்டு வாசற்படியில் வந்து நின்றான். லோகேஸ்வரி அழுது முடிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.