கூப்பிடும்வரை

மூக்கின் மேல் உட்கார்ந்த ஈ மெல்ல நடந்து கண்ணோரத்து ஈரத்தில் கால் வைத்தபோதும் லேப்காரருக்கு அதை விரட்டத் தோன்றவில்லை. ஈ மொய்த்தால் சாப்பாட்டுத் தட்டையே தள்ளிவிட்டு எழுந்து போகிற மனிதர்.

நெற்றியில் ஒன்று, காதுகளில் நான்கு, கைகால்களில் எட்டு என்று பதின்மூன்று அக்குபஞ்சர் ஊசிகளோடு மல்லாந்து கிடந்தார். இருபது வருடமாக ரத்தத்தில் ஹார்மோன் அளந்து ரிப்போர்ட் கொடுப்பவர். பயம் என்றால் மூளை உத்தரவு போடுகிறது, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலின் விடுகிறது, இதில் ஊசிக்கு என்ன வேலை என்று மூன்று மாதமாக மனைவியை நக்கலடித்தார். அவளுடைய பயத்துக்கு வைத்தியம் பார்க்கும் ஊசிக்காரம்மாவுக்கு 'தையல் மெஷின்' என்று பேர் வைத்தார். மனைவி முதலில் சண்டை போட்டாள். பிறகு போடவில்லை. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார், மகா புத்திசாலி.

இன்று பிற்பகல், ஊசியால் ஒன்றும் ஆகாது என்று நிரூபிக்கவே கூட வந்திருந்தார். திரைக்கு அந்தப்புறக் கட்டிலில் மனைவி படுத்திருக்க, விரலில் நாடித்துடிப்புக் கருவியை மாட்டிக்கொண்டு, இருபது நிமிடத்தில் ஊசியை எடுக்கும் ஊசிக்காரம்மாவுக்கே சட்டம் போட்டார்.

"நான் கூப்பிடுறவரைக்கும் உள்ள வராதீங்க. உங்க வித்தை என்னதான் பண்ணுதுன்னு பாத்துடலாம்."

அந்த அம்மாள் அவர் பாதத்துக்கு மேலே சூட்டு விளக்கைத் திருப்பி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மின்விசிறியின் கரகரப்புக்கும் திரைத்துணி சுவரில் உரசும் சத்தத்துக்கும் நடுவே, இஸ்திரிப்பெட்டியைத் துணி மேல் மறந்துவிட்டது போன்ற ஒரு வாடை மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, நாக்கடியில் கசந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். விளக்கின் கழுத்து தொய்ந்து கவிழ்ந்து, கால் மேல் போர்த்தியிருந்த துண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. துண்டின் நடுவே ஒரு பழுப்பு வட்டம் கறுத்துக்கொண்டே விரிந்தது.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. கருவியைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு.

பயப்படுடா முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அட்ரினலினைப் பற்றிப் படித்த பக்கமெல்லாம் ஞாபகம் வந்தது. அட்ரினலின் வரவில்லை.

"ஏதோ தீயுது," என்றார்.

"ஆமாங்க," என்றாள் மனைவி. "எனக்கு அப்பவே தெரிஞ்சுது."

"கூப்பிடேன்."

"கூப்பிடலாம்." கொட்டாவி விட்டாள். "நீங்க கூப்பிட்டாத்தான் வரணும்னு சொன்னீங்களே."

இவள் ஏன் சண்டையை நிறுத்தினாள் என்பது இப்போது புரிந்தது. அவரை மன்னித்ததால் இல்லை, ஊசியால்.

கால் வலித்தது. நன்றாகவே வலித்தது. வாயைத் திறந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்றிருந்தது. மூடிக்கொண்டார்.

துண்டு பற்றிக்கொண்டது. சின்னத் தீ. பிறகு திரையின் ஓரம்.

வெளியே செருப்புச் சத்தம். வந்தது. நின்றது. கதவடியில் ஊசிக்காரம்மாவின் நிழல், கூப்பிடுவதற்காகக் காத்திருந்தது.

ஐம்பத்தாறு.

கண்ணோரத்து ஈ மட்டும் பதறி எழுந்து, சாத்திய கதவில் முட்டிக்கொண்டிருந்தது.