மோவாயை மாற்று!

"கத்தினா குத்துவன்!"

டொக்டர் தக்சாயினியின் கழுத்தில் கத்தி!

ஜெர்மனி, டோர்ட்மண்ட் நகரம். சனிக்கிழமை மதியம். முகச் சீரமைப்பு கிளினிக்கில் அவளைத் தவிர யாருமில்லை. வந்தவன் கதவைப் பூட்டிவிட்டான்.

அவனை அவளுக்குத் தெரியும். நேற்றிலிருந்து ஊருக்கே தெரியும்... பென்ஜமின்! மூன்று நாளாகக் காணாமல் போயிருக்கும் அஜிதாவின் கணவன். பொலிஸ் வெளியிட்ட படத்தில் முதலில் கண்ணில் படுவதே உள்ளடங்கிய அந்த மோவாய்தான்.

"இந்த நாடியாலதான் எல்லாரும் என்னைக் கண்டுபிடிக்கினம். மாத்து. இப்பவே!"

"அஜிதா எங்க?"

"உனக்குத் தேவையில்லாத கதை!"

"எலும்பை வெட்டி முன்னுக்குத் தள்ளோணும். மயக்காமல் ஏலாது."

"விறைப்பு ஊசி மட்டும் போடு. முழிச்சிருந்து பாப்பன்."

"சரி... படு."

ஊசி இறங்கியது.

அரை நிமிடம்தான். கத்தி தரையில் விழுந்தது!

அவன் கண் விழித்தபோது மோவாயைச் சுற்றி இறுக்கமான கட்டு. உதடு மரத்திருந்தது. கை கால் கட்டப்படவில்லை. பொலிஸும் இல்லை... தக்சாயினியும் நீலச் சட்டை நர்ஸ் ஒருத்தியும் மட்டுமே.

"மயக்கிப் போட்டியேடி!"

"முடிஞ்சுது. ஆறு மில்லிமீட்டர் முன்னுக்கு. உன்னைப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது."

தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"பொலிசைக் கூப்பிடேல்லை... பயம் இருக்குது!"

"போக முதல் சொல்லு. அவள் உயிரோட இருக்கிறாளோ?"

"என்னை விட்டிட்டுப் போறாவாம்! கால்வாய்ப் பக்கம் எங்கட தோட்டக் குடில்... பதினேழாம் நம்பர். பூட்டிட்டன். மூண்டு நாள் தண்ணியும் இல்லை. போய்ப் பார், பிணம் கிடக்கும்!"

நர்ஸ் வெளியே ஓடினாள். ஜெர்மன் மொழியில் படபடவென்று போன் பேசினாள். திரும்பி வந்தபோது...

கையில் விலங்கு!

"கவிசா. குற்றப் பிரிவு பொலிஸ். நீ நித்திரையா இருக்கேக்க டொக்டர்தான் கூப்பிட்டவா. எங்களைக் கண்டா நீ வாய் திறந்திருக்க மாட்டாய்."

எழப் பார்த்தான். மயக்கம் தீராத கால்கள் துவண்டன. 'க்ளிக்!'

பதினெட்டு நிமிடங்கள். தக்சாயினி கவிசாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அலறியது! கவிசா எடுத்துக் கேட்டாள்.

"உயிர் இருக்கு டொக்டர்! அம்புலன்சில ஏத்திட்டினம்!"

தக்சாயினி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பென்ஜமின் விலங்கிட்ட கைகளால் கட்டைப் பிய்த்தெறிந்தான். எதிரே கண்ணாடி...

அதே மோவாய்! ஒரு கீறல்கூட இல்லை!

"ஏமாத்திட்டியேடி! ஒண்டுமே செய்யேல்லை!"

தக்சாயினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இது ஜெர்மனி. நோயாளி கையெழுத்து வைக்காமல் நாங்கள் ஒரு பருவைக்கூட வெட்டுறேல்லை!"